ஒன்றேகால் அங்குலம்

நாடா பிய்ந்துபோன ஆஸ்பத்திரி அங்கி ஒன்றை வயிற்றின் மேல் விரித்துப் போட்டுக்கொண்டு மாஸ்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூலை வாயில் வைத்து ஈரம் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நுனியைச் சாய்வாக வெட்டிக்கொள்வார். நூலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஊசியைத்தான் அதனிடம் கொண்டுபோவார். காலையிலிருந்து இது ஐந்தாவது அங்கி. அந்த வார்டின் பன்னிரண்டு கட்டில்களிலும் முதுகு நாடா ஒழுங்காக இருந்த அங்கி இரண்டோ மூன்றோதான். நடக்க முடிந்தவர்கள் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் மானமுமாகக் கழிவறைக்குப் போய்வந்தார்கள். முந்தின நாள்தான் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தாலும், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருக்க மாஸ்டரால் முடியவில்லை.

ஊசி அவருடையது. சட்டைக் காலருக்கு அடியில் எந்நேரமும் ஒன்று குத்தியிருக்கும். நூலைக் கடைக்குப் போய் வாங்கிவந்தவர் பக்கத்துக் கட்டில் லாரிக்காரரின் மனைவி.

"வெள்ளை இல்லையாம் மாஸ்டர். கறுப்புதான் குடுத்தான்."

"இருக்கட்டும்மா. முதுகுதானே, யாரு பாக்கப்போறா."

"பாக்கறாங்கன்னுதானே தைக்கிறீங்க."

தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்த லாரிக்காரர் கட்டில் குலுங்கச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். சிரித்தவர் போர்வையை மட்டும் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். வலது பாதம் வெளியே காற்று வாங்கிக்கொண்டிருந்தது. இடது பாதம் விடிந்ததிலிருந்து உள்ளேதான் இருந்தது.

அவர் பேன்ட் மட்டும் தைக்கிறவர். சட்டைத் துணியோடு யாராவது வந்தால், "இடுப்புக்கு மேல நமக்குத் தெரியாதுங்க" என்று எதிர்க் கடைக்கு அனுப்பிவிடுவார். முப்பத்தாறு வருடமாக ஒரே கடை. வெட்டுகிற மேசை ஒன்று, காலால் மிதித்து ஓட்டுகிற மிஷின் ஒன்று, காஜா எடுக்கவும் கொக்கி கட்டவும் மத்தியானத்தில் வந்துபோகிற ஓர் அம்மாள். தைத்து முடித்த பேன்ட்டுகளைக் கயிற்றில் வரிசையாக மாட்டிவைப்பார். கதவைச் சாத்துமுன் திரும்பிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருப்பது போல இருக்கும். பேச்சுத் துணைக்கு அதுதான். கடைக்குப் பின்னால் அறை. அங்கே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. இரண்டாவது டம்ளர் ஒன்று முன்பு இருந்தது. உடைந்தது, வாங்கவில்லை.

அளவெடுக்கும்போது எல்லாத் தையல்காரர்களும் நிற்கச் சொல்வார்கள். இவர் நடக்கச் சொல்வார். "நாலடி போய்த் திரும்பி வாங்க. நிக்கிற கால் பொய் சொல்லும். நடந்தாத்தான் வாயத் திறக்கும்." வந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டே தெருவில் இறங்கி நடப்பார். இவர் வாசலில் குந்தி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு ஒரு கால் மயிரிழையாவது குட்டை. அரைக்கால் அங்குலம், கால் அங்குலம். யாரிடமும் சொல்ல மாட்டார். துணியை வெட்டும்போது மட்டும் அந்த இழையைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். "இவர் தைச்சா மட்டும் எப்படிங்க ரெண்டு காலும் ஒண்ணா விழுது" என்று கேட்பவர்களிடம், "துணி நல்ல துணி" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் அவருக்கு மறந்துபோகும். நடை மறக்காது.

அவருடைய இடது கால் ஒன்றேகால் அங்குலம் குட்டை. பிறக்கும்போதே தொடை எலும்பின் பந்து அதன் கிண்ணத்தில் சரியாக உட்காரவில்லை. நடக்க ஆரம்பித்தபோதுதான் வீட்டில் கண்டுபிடித்தார்கள், அதற்குள் எலும்பு தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டுவிட்டது. இடது செருப்புக்கு அடியில் டயர் ரப்பரை அடுக்கி ஒட்டிக்கொள்வார். தமக்குப் பேன்ட் தைக்கிற நாளில் இடது காலை ஒன்றேகால் அங்குலம் குறைத்து வெட்டுவார். ஊருக்கெல்லாம் இரண்டு காலையும் சமமாக இறக்குகிறவர், தாம் ஒரு நாளும் சமமான பேன்ட் போட்டதில்லை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் ஒரே வரிதான். "உக்காந்திருந்த வரைக்கும் எல்லாருக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. எந்திரிச்சுத் தண்ணி எடுக்கப் போனேன்."

ஐம்பத்தெட்டு வயதில் அந்த மூட்டு தேய்ந்து, மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு மூட்டை மாற்றியாக வேண்டும் என்றார். வந்தவர்கள் எல்லாரும் வலி போகுமா என்றுதான் கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

"வலி போறது இருக்கட்டும் டாக்டர். ரெண்டும் ஒரே அளவு வரணும்."

"எவ்வளவு குறையுதுன்னு நினைக்கிறீங்க?"

"நினைக்கிறது என்ன. ஒண்ணேகால் இஞ்சு."

டாக்டர் படத்தில் கோடு போட்டு அளந்தார். அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவரும் "மாஸ்டர்" என்றே கூப்பிட ஆரம்பித்தார். "முக்கால் இஞ்சு வரைக்கும் பயமில்லாம இறக்கலாம் மாஸ்டர். மீதி அரை இஞ்சைச் செருப்புல பாத்துக்கலாம்."

"இத்தனை வருஷமும் செருப்புலதான் பாத்துட்டிருக்கேன்."

"கேளுங்க. மூட்டுக்குப் பின்பக்கமா ஒரு நரம்பு இறங்குது, விரல் தடிமன். அது இந்த நீளத்துக்கே பழகினது. எலும்பை நான் இறக்கிடுவேன். அதை இழுத்தா கோவிச்சுக்கும். சில பேருக்குப் பாதம் தொங்கிப்போயிடும்."

"எந்தத் தையல்லயும் உள்ள ஒரு இஞ்சு மடிச்சு விட்டிருப்பாங்க டாக்டர். பிரிச்சுப் பாருங்க, இருக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டார். உள்ளே திறந்து பார்த்து, தசை இடம் கொடுத்தால் செய்வதாகச் சொன்னார். ஆபத்து இன்னின்னது என்று தாளிலும் இருந்தது. நரம்பு, ரத்தக் குழாய், கிருமி எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. மாஸ்டர் அடியில் கையெழுத்துப் போட இடம் எங்கே என்று மட்டும் பார்த்தார். டாக்டர் வாயாலும் சொன்னார், தாளிலும் காட்டினார். கேட்டவர்தான் காதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் அந்த வேலை நடந்தது. சுத்தியல் சத்தம் கேட்டதாம். யாரோ பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். சாயந்திரம் மரப்பு விட ஆரம்பித்தது. வலது கால் முழுவதும் எறும்பு ஊர்ந்தது, விழித்தது. இடது பக்கம் தொடை விழித்தது, முட்டி விழித்தது. தாமதமாக விழிக்கிற பிள்ளையும் உண்டே என்று பாதத்துக்காகக் காத்திருந்தார்.

காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. லாரிக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, கூடவே கொண்டுவந்திருந்த அளவு டேப்பின் ஒரு நுனியைக் கொடுத்தார். குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"அந்த உள்பக்கக் கணுக்கால் எலும்பு இருக்கு பாருங்கம்மா, அது மேல வைங்க. அசையாம."

அந்த அம்மாள் வைத்தார். மாஸ்டர் மறு நுனியை இடுப்பு எலும்பின் முன்முனையில் பிடித்துப் பார்த்தார். வலது முப்பத்துநாலு. இடது முப்பத்துநாலு. மறுபடி வைக்கச் சொன்னார். மூன்று தரம் அளந்தார்.

"என்ன மாஸ்டர், உங்களுக்கே பேன்ட்டா?"

"ஆமாம்மா. முதல் பேன்ட்."

டேப்பை எடுக்கும்போது அந்த அம்மாளின் வளையல் அவர் இடது பாதத்தின் மேல்புறம் நெடுக உரசிக்கொண்டு போயிற்று. அதை மாஸ்டர் கண்ணால் பார்த்தார். காலால் அறியவில்லை.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது: இறக்கினதை ஏற்றிவிடுவார்கள். இப்போதுதான் கையில் வந்த முப்பத்துநாலு. போர்வையை இழுத்துவிட்டார்.

மணிக்கொரு தரம் சின்ன சிஸ்டர் வந்தது. பன்னிரண்டு கட்டிலுக்கும் அந்தப் பெண் ஒருத்திதான். "விரலை ஆட்டுங்க அங்கிள்" என்று கால்மாட்டில் நின்றபடியே சொல்லும். மாஸ்டர் போர்வைக்குள் விரல்களை ஆட்டுவார், போர்வை அசையும், அந்தப் பெண் தாளில் சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு ஓடும். டாக்டர் சொன்ன அந்த நரம்பு ஒரே உறைக்குள் ஓடுகிற இரண்டு இழை. ஒன்று விரலைக் கீழே மடக்குவது. மற்றது மேலே தூக்குவது. முதலில் அடிபடுவது எப்போதும் மேலே தூக்குகிற இழைதான். மடக்குகிற இழை பிழைத்திருந்தால் போர்வை அசையத்தான் செய்யும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. மாஸ்டர் ஒரு பாதத்தைப் போர்வையில் மறைத்தார். மறுநாள் காலை நடைபழக்க வந்தவரிடம் தலை சுற்றுகிறது என்று சொல்லி மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தார். நொண்டுவதை ஒளிப்பதில் அவருக்கு ஐம்பது வருட அனுபவம்.

பதினோரு மணிக்குப் பெரிய சிஸ்டர் வந்தார். முந்தின நாள் அவருக்கு விடுப்பு. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. பேச்சில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது.

"கையில என்ன?"

"நாடா சிஸ்டர்."

"வார்டுக்குள்ள ஊசி எப்படி வந்துச்சு?"

"என் கூடத்தான் வந்துச்சு."

தைத்து முடித்த அங்கிகளை எடுத்து நாடாவை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "இதை முடிச்சதும் ஊசியை என்கிட்ட குடுத்துடுங்க" என்றவர், போர்வையை இரண்டு காலிலிருந்தும் ஒரே வீச்சில் எடுத்துக் கால்மாட்டில் மடித்துப் போட்டார். மாஸ்டரின் கை பாதி வழியில் நின்றது.

முதலில் இரண்டு பாதங்களின் மேலும் இரண்டிரண்டு விரல்களை வைத்து நாடி பார்த்தார். கட்டைவிரல் நகத்தை வெளுக்கும்வரை அழுத்தி விட்டு, சிவப்பு திரும்பும்வரை எண்ணினார். "ரத்தம் ஓடுது. சூடும் இருக்கு." பிறகு பையிலிருந்து பஞ்சை எடுத்தார். "கண்ண மூடிக்குங்க. நான் தொடறப்பல்லாம் சொல்லுங்க."

"தொடறீங்க," என்றார் மாஸ்டர்.

"இப்ப?"

"தொடறீங்க."

"இப்ப?"

"ம். லேசா."

"கண்ணத் திறங்க."

பெரிய சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தார்.

லாரிக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பிறகு விஷயம் புரிந்து, அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பாதத்தையும் உங்க மூக்கைப் பாத்துத் தூக்குங்க."

வலது பாதம் வந்தது. இடது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தபடியே விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டது.

"இது கீழ. நான் மேல கேட்டேன்."

மாஸ்டர் ஊசியை அங்கியில் குத்திவைத்தார்.

"எப்பலேருந்து?"

"நேத்து சாயந்திரம்."

"ஏன் சொல்லல?"

"ஆட்டச் சொன்னாங்க. ஆட்டினேன்."

"கேட்ட விதம் தப்பு. அதை நான் பாத்துக்கறேன். தெரிஞ்சும் சொல்லாதது உங்க தப்பு." பேசிக்கொண்டே முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைக் கொடுத்து மடக்கிவைத்தார், நரம்பின் இழுப்பு அதில் கொஞ்சம் தளரும். முட்டிக்குக் கீழே இறுகியிருந்த கட்டைத் தளர்த்தினார். "ரத்தக் குழாய் அடிபட்டா பாதம் சில்லுன்னு ஆயிடும், வெளுத்துடும். அதுக்கு மணிக்கணக்கு. ஓடணும். நரம்புக்கு நாள் கணக்கு. உங்களுக்கு அதுல ஒரு நாள் போயிருச்சு. ஊசியைக் குடுங்க."

ஊசியைக் கொடுத்தார். அங்கியில் இன்னும் நாலு தையல் பாக்கி இருந்தது.

டாக்டர் அரை மணியில் வந்தார். ரத்தம் கட்டி நரம்பை அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிற டாக்டரைப் பார்த்தாலே நோயாளிக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

"இழுப்புதான் மாஸ்டர். நாளைக்குக் காலையில முதல் கேஸா திறந்து, பந்தை மட்டும் சைஸ் குறைச்சுப் போடறேன். அரை இஞ்சு ஏறும். நரம்புக்கு இடம் கிடைக்கும். பாதம் வந்துடும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா வர்றதுக்கு வழி அதுதான்."

"அப்படியே விட்டா?"

"சில பேருக்குத் தானா திரும்புது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். சில பேருக்கு வர்றதே இல்ல."

"அரை இஞ்சு ஏத்திட்டா, பின்னாடி மறுபடி இறக்க முடியுமா?"

"முடியாது. நான் தொட மாட்டேன்."

"விட்டுட்டா, மிதி?"

டாக்டருக்குப் புரியவில்லை. "தையல் மிஷின் மிதி," என்றார் பெரிய சிஸ்டர்.

"பாதத்தைத் தூக்கி நிறுத்த ஒரு பட்டை இருக்கு, அதை மாட்டிட்டு நடக்கலாம். மிதிக்கறது கஷ்டம். கால் மிதி மேல இருக்கா இல்லையான்னே தெரியாது."

அதற்கு விளக்கம் மாஸ்டருக்குத் தேவைப்படவில்லை. மிஷினை ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் கால் வேலை. நிறுத்தத் தெரியாத கால் விரலை ஊசிக்குக் கொடுத்துவிடும்.

"காலைக்குள்ள சொல்லுங்க," என்று டாக்டர் எழுந்துபோனார்.

பெரிய சிஸ்டர் மருந்தை எண்ணிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "லைனிங் வெச்ச பேன்ட்ல வெளித் துணியை இறக்கிட்டு லைனிங்கை இறக்காம விட்டா, உள்ள சுண்டி இழுத்துக்கும். வேலைக்கு வந்த முதல் வாரத்துலயே கத்துக்கற விஷயம் சிஸ்டர். இது எனக்குத் தெரியாதா."

"தெரிஞ்சிருக்கு. உங்க கால்னதும் மறந்திருக்கு."

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். வார்டு நிறைந்தது. தட்டுகள் திறந்தன, செருப்புகள் கட்டிலடியில் குவிந்தன, யாரோ யாரையோ ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். படுத்திருக்கிறவரின் கண்மட்டத்தில் எல்லாரும் கால்கள். மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நீலப் பேன்ட்டுக்கு வலது கால் கால் அங்குலம் குறைவு. சாம்பல் பேன்ட்டுக்கு இரண்டும் சரி, தைத்தவன்தான் சரியில்லை. அவருடைய கட்டிலுக்கு வந்த கால் எதுவும் இல்லை.

லாரிக்காரரின் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வார்டில் திரைச்சீலை உண்டு, சுவர் கிடையாது. "பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க," என்றார். பிறகு, "உங்க பக்கத்துலேருந்து யாரும் வரலையா மாஸ்டர்?"

"வருவாங்க. தூரம்."

அந்த அம்மாள் மேலே கேட்கவில்லை. தம் ஸ்டூலைக் கணவரின் கட்டிலுக்கும் மாஸ்டரின் கட்டிலுக்கும் நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தக் கட்டிலுக்கு வந்தவர் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி உட்கார்ந்தார்.

தூரம் என்று சொன்னது பொய்யில்லை. தங்கை ஒருத்தி வேறு ஊரில் இருந்தாள். மாதம் ஒரு தரம் பேசுவார்கள். ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"அண்ணா, சின்ன வேலைதான், ரெண்டு நாள்ல வந்துடுவேன்னியே. வந்துட்டியா?"

"நாளைக்கோ நாளன்னிக்கோ."

"வலிக்குதா?"

"இல்ல." கால்மாட்டைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே அளவு வந்திருக்கு."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. யாரையோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டுத் தங்கை திரும்ப வந்தாள். "நிஜமாவா? சரிசமமாவா?"

"முப்பத்துநாலு. முப்பத்துநாலு."

"அளந்தியா?"

"மூணு தடவ."

"நீ அளந்தா சரிதான்." அவள் குரல் மாறியது. "ஸ்கூலுக்குப் போறப்ப ஒரு பக்கமா சாஞ்சு நடப்பியே, நான் உன் இடது பக்கமாவே வருவேன், யாரும் பாக்கக் கூடாதுன்னு. உனக்குத் தெரியுமா அது?"

"தெரியும்."

"நடக்கறப்ப கூப்பிடுண்ணா. போனைப் பிடிச்சுக் காட்டச் சொல்லு யாரையாவது."

"சரி."

போனை வைத்தார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் மறுநாள் காலைவரை உண்மை.

பெரிய சிஸ்டர் ஆறு மணிக்குக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாக ஒரு சுற்று வந்தார். மாஸ்டர் அவருக்காகவே விழித்துக் காத்திருந்தது போல இருந்தது.

"சிஸ்டர், ஒரே ஒரு தடவ எந்திரிச்சு நிக்கலாமா? ஒரு நிமிஷம்."

"நின்னு?"

"ஒண்ணும் இல்ல. சும்மா நிப்பேன். செருப்பு இல்லாம."

பெரிய சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "நிக்கணும்னா முட்டியை நீட்டணும். நீட்டினா இன்னும் இழுக்கும். வேண்டாம்."

"சரி சிஸ்டர்."

"ராத்திரி பன்னெண்டுக்கு மேல பச்சைத் தண்ணி கூடக் கூடாது. எந்த முடிவா இருந்தாலும்." தலையணையை முட்டிக்கு அடியில் இன்னொரு தரம் சரிசெய்தார். போர்வையைப் போடப் போனவர், பாதங்களை மூடாமல் முட்டியோடு நிறுத்தி மடித்துவிட்டுப் போனார்.

இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருந்தன. விளக்கை அணைக்கிறவரை மாஸ்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு எப்படிப் போயிற்று என்று பிற்பாடு யாரிடமும் அவர் சொன்னதும் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டீ வண்டி அவர் கட்டிலைத் தாண்டிப் போன பிறகு உதவி டாக்டர் வந்தார். கக்கத்தில் கையெழுத்துத் தாள், மேல் பையில் தோலில் குறி போடுகிற ஊதாப் பேனா. அறுவை எந்தக் காலில் என்று நோயாளியின் வாயாலேயே கேட்டுவிட்டுத்தான் அம்புக்குறி போட வேண்டும்; அது அவர்கள் வழக்கம். செய்ய வேண்டுமென்றால்.

"முடிவு பண்ணிட்டீங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் கையை நீட்டினார். உதவி டாக்டர் தாளை நீட்டினார். அதை வாங்கி மார்பின் மேல் வைத்துக்கொண்டு, மறுபடி கையை நீட்டி அவர் பையிலிருந்த ஊதாப் பேனாவை உருவினார். இடது தொடையில் அங்கியை விலக்கினார். மூடியைப் பல்லால் கழற்றி, குறுக்காக ஒரு கோடு போட்டார். கொஞ்சம் கீழே இன்னொரு கோடு. டேப்பைத் தேடவில்லை. இரண்டுக்கும் நடுவில் அரை அங்குலம்.

"இவ்வளவு பிடிங்க," என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தார்.